நான்கு விரல் தள்ளி விழுந்த வெளிச்சம்

மார்த்தாண்டம் பக்கத்து வர்ம வைத்தியசாலை ஒன்றில் குருவைவிடச் சீடருக்குப் பன்னிரண்டு வயது கூடுதல். சீடர் நேசையன் முப்பது வருஷம் சலூன் நடத்தியவர். முடி வெட்டியதும் கழுத்தில் ஒரு சொடக்கு எடுத்துத்தான் ஆளை அனுப்புவார். ‘டக்’கென்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது. அந்த நம்பிக்கையை ஆசான் தாணுமூர்த்தியால் மூன்று வருஷமாக அசைக்க முடியவில்லை.

மினிபஸ் டிரைவர் அருளப்பன் ஏழாவது தடவையாக வந்து உட்கார்ந்தார். கழுத்து வலது பக்கம் திரும்பவில்லை. வண்டியை ஒரு சுவரில் உரசியும் ஆயிற்று.

“திங்கக்கிழம கழுத்து திரும்பலன்னா வேற ஆளப் பாக்கேன்னு முதலாளி சொல்லிட்டாரு” என்றார்.

நேசையன் பொறுமையிழந்து ஆசானிடம் திரும்பினார்.

“ஆசானே, எலும்ப நான் சரியாத்தான் கொண்டு வைக்கேன். சத்தம் ரோடு வரைக்கும் கேக்குது. மூணாம் நாள் பழைய குருடி கதவத் திறடிங்குது. நான் என்னதான் செய்ய?”

“அது எங்க போச்சு, நீங்க கொண்டு வைக்க?”

“விலகிப் போச்சு.”

“ஏழு தடவயுமா அண்ணாச்சி?”

நேசையன் முறைத்தார்.

ஆசான் அலுத்துக்கொண்டே எழுந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்கை எடுத்து, அதன் கண்ணாடியில் ஊசித்துளையிட்ட கறுப்புத்தாளை ஒட்டினார். அருளப்பன் தலையில் அதைக் கட்டி, ஜன்னலைச் சாத்தி, வெளிச்சம் விழுந்த இடத்தில் சுவரில் கரியால் புள்ளி வைத்தார்.

“கண்ண மூடும். முடிஞ்சமட்டும் வலது பக்கம் திரும்பிட்டு, பழைய எடத்துக்கு வாரும்.”

“வந்துட்டேன்.”

வெளிச்சம் புள்ளிக்கு நான்கு விரல் தள்ளி நின்றது. கண்ணைத் திறந்த அருளப்பனால் நம்ப முடியவில்லை.

“நேராத்தானே வந்தேன்!”

“எலும்பு அங்கனதான் கெடக்கு. தல எங்க நிக்குதுன்னு உள்ள இருக்கவனுக்கு, மூளைக்குத்தான் தெரியல” என்றார் ஆசான். “அண்ணாச்சி, இப்பம் உங்க சொடக்க எடுங்க.”

டக். மறுபடி கண்ணை மூடித் திரும்பி வந்தபோது இரண்டு விரல்தான் தள்ளியிருந்தது.

“பாத்தீங்களா! இன்னொண்ணு எடுத்தா புள்ளியிலயே நிக்கும்” என்று நேசையன் கையை நீட்டினார்.

“கொஞ்ச நேரம் அந்தக் கைய சும்மா வையுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

கண்ணை மூடித் திரும்பு, வா. திறந்து பார், சரிசெய். மறுபடி மூடு. ஆசான் முப்பது தடவை செய்யவைத்தார். நேசையனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், மூடிய கண்ணோடு அருளப்பன் திரும்பி வந்தபோது வெளிச்சம் புள்ளியிலேயே நின்றது. கழுத்தும் முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பியது.

“திங்கக்கிழம வரைக்கும் வீட்டுச் சுவருல இதச் செய்யும்” என்று ஆசான் விளக்கையும் கொடுத்தனுப்பினார்.

“சத்தமே வரலியே” என்றார் நேசையன். பிறகு, “அப்பம் முப்பது வருஷமா நான் எடுத்த சொடக்கெல்லாம் வீணா?”

“உள்ள உறங்கிக் கெடந்தவன தட்டி எழுப்பினீங்க. நல்ல காரியம்தான். எந்திச்ச பொறவும் தட்டிட்டே இருந்தா, அவன் எப்பம் அண்ணாச்சி வேலையப் பாப்பான்?”