தவிட்டி என்றொரு சொல்

சுனைக்காட்டுப் பறவைகள் தரையில்தான் முட்டையிடும். இரை தேடப் போகும்போது முட்டைகளைக் கீரியின் காவலில் விட்டுவிட்டுப் போகும். கீரி இருக்கும் இடத்தில் பாம்பு அண்டாது அல்லவா? அந்தக் கீரியே முட்டை தின்னும் என்று ஒரு பறவைக்கும் தோன்றவில்லை. அவ்வளவு புத்தி!

ஒரு நாள் அடைமழை. காட்டுக்கோழி நனைந்தபடி ஓடி வந்தது. கூட்டில் ஒரு முட்டைகூட இல்லை.

"ஐயோ! என் முட்டைகள் எங்கே?" என்று அலறியது. சத்தம் கேட்டு மற்றப் பறவைகளும் கூடின.

கீரி அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் தவிட்டி என்ற மரநாய் அந்த வழியே வந்தது. பாவம், அதன் மரத்தடிப் பொந்தில் வெள்ளம் புகுந்துவிட்டது. தன் ஒரே குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அதோ! வாயில் எதையோ கொண்டுபோகிறாள்! பிடியுங்கள்!" என்று கத்தியது கீரி.

"நில்லடி! வாயில் என்ன? சொல்!" என்று மறித்தது காட்டுக்கோழி.

வாயைத் திறந்தால் குட்டி காலடியில் ஓடும் வெள்ளத்தில் போய்விடும். தவிட்டி பேசவில்லை.

"பார்த்தீர்களா, பதிலே இல்லை!" என்றது கீரி.

பறவைகள் மொய்த்துக் கொத்தின. செத்து விழுந்த பிறகும் தவிட்டி வாயைத் திறக்கவில்லை. குட்டி அதன் பல்லிடுக்கில் தொங்கியது. அதற்கும் உயிர் இல்லை.

தப்பு செய்துவிட்டோம் என்று சொல்ல ஒரு பறவைக்கும் மனம் வரவில்லை.

"முட்டையைத் தின்றுவிட்டுத்தான் குட்டியைத் தூக்கியிருப்பாள்" என்றது காட்டுக்கோழி. எல்லாம் ஆமாம் போட்டன. வெட்கங்கெட்ட கூட்டம்!

அதுவரை அந்தக் காட்டில் திருடுகிறவருக்கென்று ஒரு சொல் கிடையாது. அன்று முதல் திருடுகிற எவருக்கும் தவிட்டி என்று பெயராயிற்று. குஞ்சுகளுக்கு அதைச் சொல்லித்தான் பயம்காட்டின.

அடுத்த மழைக்காலத்தில் காட்டுக்கோழிக்கு ஒரே ஒரு குஞ்சு பொரித்தது. ஒரு நாள் தாய் இல்லாத நேரம் புதரில் ஏதோ சலசலத்தது. குஞ்சு நடுங்கிக்கொண்டு காவல்காரரிடம் ஓடியது.

"மாமா! தவிட்டி வருது மாமா!"

"பயப்படாதே கண்ணு. என் வளைக்குள்ளே வந்துடு" என்றது கீரி.

காட்டுக்கோழி திரும்பி வந்தது. குஞ்சைக் காணவில்லை. "தவிட்டி! தவிட்டி!" என்று மார்பிலடித்துக்கொண்டு காடெல்லாம் ஓடியது. கீரியும் கூடவே ஓடிக் கத்தியது.

குற்றமற்றவர் பெயரைத் திருட்டுக்குச் சூட்டினால், உண்மைத் திருடன் நம் வீட்டுக்கே காவல் இருப்பான்.