கதைக்கு வாரிசு

பறக்கும் குதிரையும் பேசும் கடலுமாக எழுதிக் குவித்த திருமேனி ஐயா செத்துப் போனார். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சமையல்காரன் சடையன்தான் கூடவே இருந்தவன்.

பிணம் எடுப்பதற்குள் சினிமாத் தயாரிப்பாளர் குபேந்திரன் காரில் வந்து இறங்கினார். மாலை கொண்டு வந்தார், கண்ணீர் கொண்டு வரவில்லை.

"ஐயாவோட கதை அத்தனையையும் படமாக்குற உரிமை என்னுது. எனக்கே எழுதிக் கொடுத்துட்டார். டேய், அலமாரியில இருக்கிறதை எல்லாம் வண்டியில ஏத்து!"

சடையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஏத்திடறேங்க. கொள்ளி வைக்க வாரிசு இல்லையேன்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம், நல்லவேளை வந்தீங்க. எல்லாம் உங்களுதுன்னா கொள்ளியும் உங்களுதுதானே? மொட்டை போட ஆளைக் கூப்பிடறேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் தீட்டு, நல்லது எதுக்கும் போகக் கூடாது."

குபேந்திரனுக்கு வேர்த்துவிட்டது. மறுநாள் அவருடைய புதுப் படத்துக்குப் பூஜை.

"அட, எனக்கு ஒரே ஒரு கதைதாம்பா கொடுத்தாரு! மத்ததுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல."

ஊரே கேட்டது. கார் வெறுமனே திரும்பிப் போனது.

மொட்டை போட்டுக் கொள்ளி வைத்தவன் சடையன்தான். எந்தக் கதையையும் எழுதுமுன் ஐயா அடுப்படியில் வந்து உட்கார்ந்து அவனுக்குத்தான் சொல்வார். அவன் "உம்" கொட்டினால்தான் மேலே சொல்வார்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. சடையனும் பார்க்கவில்லை. சுடுகாட்டைத் தாண்டும்போது மட்டும், பழக்கதோஷத்தில், "உம்" என்றான்.

மேலே சொல்ல ஆள் இல்லை.