கீழ்வேம்பூரில் மட்டும் குறையாத விளைச்சல்

“எட்டு மாசமா என் ஆய்வேடு உங்க மேசையிலயே கிடக்கு, மேடம். ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

தர்மசேனன் இப்படிக் கேட்பது ஐந்தாவது தடவை.

பேராசிரியர் சுகிர்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னும் படிச்சிட்டு இருக்கேன், சார்.”

குருவுக்கு நாற்பத்தொரு வயது, சீடருக்கு ஐம்பத்து நாலு. அதனால் இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. நம்பிக்கைதான் துளிகூட இல்லை.

சுகிர்தா பொருளாதாரத் துறையில் பெரிய பேர். ஒரு வட்டாரம் நூறு வருஷத்தில் எழுந்து நிற்கிறது, பக்கத்து வட்டாரம் ஏன் அப்படியே கிடக்கிறது என்பதுதான் அவருடைய இருபது வருஷத்து ஆராய்ச்சி.

தர்மசேனன் அரசாங்கத்தில் பயிர்க் கணக்கு எடுத்தவர். சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு ஆறு வருஷமாக அவரிடம் ஆய்வு செய்கிறார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷமும் வீண்.

இவருக்கு யாரையும் நம்ப வராது, பிறவிக் குணம் அது. பெட்ரோல் போடும்போது மீட்டரைப் பார்ப்பார், போடுகிறவன் முகத்தைப் பார்ப்பார், போட்டு முடித்ததும் வண்டியை ஆட்டிப் பார்ப்பார்.

இப்போது சந்தேகம் முழுக்க குரு மேல் திரும்பியிருந்தது. என் கண்டுபிடிப்பை அமுக்கப் பார்க்கிறார் இந்தம்மா. அடுத்த மாசம் டெல்லியில் பேசப் போகிறாராமே, எதைப் பேசப் போகிறார்?

எதற்கும் இருக்கட்டும் என்று ஆய்வேட்டின் நகல் ஒன்றை உறையில் போட்டு ஒட்டி, தன் விலாசத்துக்கே பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். முத்திரையில் தேதி இருக்கும் அல்லவா? நாளைக்கு வழக்கு என்று வந்தால் உதவும். அனுப்பியவரே வாங்குவதைப் பார்த்துத் தபால்காரர் ஒரு மாதிரி சிரித்தார். அன்றிலிருந்து அவர் மேலும் கொஞ்சம் சந்தேகம்தான்.

கண்டுபிடிப்பு இதுதான். கீழ்வேம்பூர் வட்டத்தின் நூறு வருஷ நெல் விளைச்சலில், கடைசிப் பதினேழு வருஷம் ஒரு தடவைகூடச் சரிவு இல்லை. வருஷா வருஷம் இரண்டு சதவீதம் ஏறியிருக்கிறது. மழை பொய்த்த வருஷத்திலும் ஏறியிருக்கிறது. ஊர்க்காரர்கள் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வதுதான் காரணம் என்று இருநூறு பக்கத்துக்கு நிரூபித்திருந்தார்.

“ஒரு சின்னச் சந்தேகம், சார். மத்த பதினோரு வட்டத்துக் கணக்கையும் தள்ளிட்டீங்களே?”

“அத்தனையும் புளுகு, மேடம். அறுவடைச் சோதனைன்னா என்னன்னு நினைச்சீங்க? குறிச்சுக் கொடுத்த வயலுக்குப் போகணும். அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் கயிறு கட்டி அறுக்கணும், அடிக்கணும், எடை போடணும். காயவெச்சு மறுபடி எடை போடணும். எவன் போறான்? டீக்கடையில உக்காந்து எழுதிட்டு வந்துடுவான். அந்த வேலை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?”

“கீழ்வேம்பூர்?”

“நான் லீவு போடுற வரைக்கும், அந்தப் பதினேழு வருஷமும் எடுத்தது நான்.” சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

சுகிர்தா தலையை ஆட்டிக்கொண்டார். இழுப்பறையைத் திறந்தார்.

தர்மசேனன் எட்டிப் பார்த்தார். தன் ஆய்வேட்டைத் திருட்டுத்தனமாக நகலெடுத்து உள்ளே வைத்திருப்பார் என்று நினைத்தார். வெளியே வந்தது ஒரு பழுப்புத் தாள். அறுவடைச் சோதனைப் படிவம், எதுவும் நிரப்பாதது.

“இதை நான் பார்த்ததோட சரி. எப்படி எழுதுவாங்கன்னு ஒன்னு எழுதிக் காட்டுங்க, சார். நீங்க லீவு போட்டதுக்கு அடுத்த வருஷம்னு வெச்சுக்கலாம்.”

இதில் ஏதோ சூது இருக்கிறது. படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஆறு வருஷத்தில் இந்த அறையில் அவர் கேட்டு இவர் கற்றுக்கொடுப்பது இதுதான் முதல் தடவை. பேனாவைத் திறந்தார்.

கை மளமளவென்று ஓடியது. கிராமம், சர்வே நம்பர். விவசாயி பெயருக்குக் கோவிந்தசாமி என்று போட்டார். எந்த ஊரிலும் ஒரு கோவிந்தசாமி இருப்பார். ஈர எடை 11.2 கிலோ. காய்ந்த எடை 9.85. ஹெக்டேருக்கு 3,940. கீழே பெயர், தேதி. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

“இவ்வளவுதான், மேடம்.”

“அடேயப்பா. எடை எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?”

“அதுல ஒரு வழி இருக்கு. மேலே இருந்து எழுதிட்டு வந்தா மாட்டிப்போம். கீழே இருந்து மேலே போகணும். போன வருஷத்து விளைச்சலோட ரெண்டு சதவீதம் கூட்டிக்கணும். ஒரு ஹெக்டேருக்கு நானூறு கட்டம், அதால வகுத்தா காய்ஞ்ச எடை. அது மேல ஈரத்துக்குக் கொஞ்சம்…”

வாய் நின்றது.

சுகிர்தா படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். அவர் ஏதாவது சொல்லித் தொலைத்தால் தேவலை போலிருந்தது.

“மொத வருஷம் வயலுக்குப் போனேன், மேடம். சத்தியமா.”

“சரி, சார்.”

“ரெண்டாவது வருஷமும் போனேன்னுதான் நினைக்கிறேன்.”

தர்மசேனனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தப் பதினேழு வருஷத்தில் எத்தனை தடவை போனோம் என்று தனக்கே தெரியாதது பயமாக இருந்தது.

சுகிர்தா ஆய்வேட்டை எடுத்தார். வழிகாட்டி கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தைத் திறந்து மேசை நடுவில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

“எட்டு மாசம் அதிகம்தான், சார். நீங்க கோவிச்சுக்கிட்டதுல தப்பே இல்லை. இப்பப் போட்டுடட்டுமா?”

பேனா முனை தாளைத் தொடுவதற்குள், தர்மசேனன் இரண்டு கையையும் விரித்து அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டார்.