பலகைக்குப் பின்னால் இருந்த ஓட்டை

"சுவரைக் கெடுத்துட்டேம்மா" என்றார் சபேசன்.

ஆசிரமத்துத் தியானக் கூடம் அது. சுவரில் ஒட்டியிருந்த பழைய பிளைவுட் பலகைகளைக் கரையான் அரித்துவிட்டது. சபேசன் அவற்றைப் பெயர்த்தார். பசையோடு சேர்ந்து, சுவராக நிறுத்தியிருந்த ஜிப்சம் போர்டின் மேல்தாளும் உரிந்து வந்துவிட்டது.

ஆசிரமத்தின் குரு குமுதவல்லி அம்மாள் வந்து பார்த்தார். சபேசனைவிடப் பத்து வயது இளையவர். அவருடைய சாந்தத்தைக் கேள்விப்பட்டுத்தான் சபேசன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தார்.

"உரிஞ்சது நான் செஞ்சது. ஆனா இந்த ஓட்டை நான் போட்டதில்லை."

நடுச்சுவரில் ஒரு பொத்தல். தலை உயரத்தில்.

"நான் போட்டது" என்றார் அம்மாள்.

சபேசன் உளியைக் கீழே வைத்தார்.

"கமலவேணின்னு ஒருத்தி இங்க இருந்தா. என்னைவிட நல்லாப் பேசுவா. எல்லாரும் அவளைச் சுத்தி உட்கார ஆரம்பிச்சாங்க. ஒருநாள் பித்தளைச் செம்பை எடுத்து அவ மேல எறிஞ்சேன். குனிஞ்சுட்டா."

"அப்புறம்?"

"ஆசிரமத்தை விட்டே அவளைத் துரத்தினேன். மறுநாள் ஓட்டையை மறைச்சுப் பலகை ஒட்டினேன். பதினாறு வருஷம் ஆச்சு."

சபேசன் கீழே கிடந்த பலகையைப் பார்த்தார்.

"அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தினமும் உட்கார்ந்தேன்."

"தெரியும்."

"போயிடலாம்னு தோணுது."

"போங்க. சுவரை முடிச்சுட்டுப் போங்க."

சபேசன் ஆத்திரத்தோடு பட்டி மாவைக் குழைத்துச் சுவரில் பூசினார். காலையில் சுவரெங்கும் கொப்புளம். உரிந்த தாள் ஈரத்தை உறிஞ்சி உப்பியிருந்தது. எல்லாவற்றையும் சுரண்டினார். தொங்கிய தாளைக் கத்தியால் அறுத்தெடுத்தார். பிரைமர் அடித்துக் காயவிட்டார். பொத்தலைச் சதுரமாக வெட்டி, புதுத்துண்டு பொருத்தி, டேப் ஒட்டிப் பட்டி பார்த்தார். உப்புத்தாளால் தேய்த்தார். ஒன்பது நாள் ஆயிற்று.

அம்மாள் சுவரைத் தடவினார்.

"ஓட்டை எங்க இருந்ததுன்னே தெரியலையே."

"தெரியாது. போயிட்டு வரேம்மா."

"பஸ் ஸ்டாண்டுக்குத்தானே? நானும் வரேன். கமலவேணி ஊரு வழியிலதான்."

கமலவேணி ஒரு தையல் கடை வைத்திருந்தாள். மிஷினை நிறுத்தி, வாசலில் நின்றவர்களைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொல்லவில்லை.

"என்ன வேணும்?"

"மன்னிப்புக் கேட்க வந்தேன்" என்றார் அம்மாள்.

"இவரு யாரு?"

"என் சீடரா இருந்தவர்."

கமலவேணி சபேசனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்னிக்குக் கூடத்துல நாற்பது பேர் இருந்தாங்க. ஒருத்தர்கூட எந்திரிக்கல. அவங்க முன்னாடி கேட்பீங்களா?"

அம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"பாதிப்பேர் செத்துட்டாங்க."

"அப்ப நான் மன்னிக்க மாட்டேன்னு சொன்னா?"

"கேட்டுக்கிட்டுப் போறேன்."

கமலவேணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கேட்டுக்குங்க. மன்னிக்க மாட்டேன்."