கறுப்பு ஓடு சூட்டை வெறுத்த கதை

கல்லும் உலோகமும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலையுச்சியில் பிறந்த மின்சாரம் செம்புப் பாதை வழியாக அடிவாரத்துக்கு இறங்கிப் போகும். வழியெல்லாம் செம்பு அதன் வலுவில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு சூடாகிவிடும். அந்தச் சூட்டில் மலைமேல் இருந்தவர்கள் குளிர்காய்ந்தார்கள். அடிவாரத்துக்கு வருவதற்குள் மின்சாரம் ஓய்ந்துபோகும். அங்கே விளக்கு எரியாது. இருட்டியதும் ஓநாய்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகும்.

மலைமேல் சூளை வைத்திருந்த மருதியின் தங்கை இலஞ்சி, அடிவாரத்தில் அப்படித்தான் தன் மகனைப் பறிகொடுத்தாள்.

“உனக்கு இரக்கமே கிடையாதா?” என்று மருதி செம்பிடம் கேட்டாள்.

“என் சுபாவம் அப்படி. என்னைப் பொடியாக்கி, இந்த மலையின் இரண்டு வகை வெள்ளை மண்ணோடு கலந்து சுட்டுப் பார்” என்றது செம்பு.

அவள் அரைத்தாள், ஓடுகளாக்கிச் சுட்டாள். பச்சை நிறத்தில் ஏதோ வந்தது. அது மின்சாரத்துக்கு வழியே விடவில்லை.

“அவசரப்பட்டுச் சூளையைத் திறந்துவிட்டாய். ஆறும்போது நான் மெல்ல மெல்ல அதற்குள் புக வேண்டும்” என்றது காற்று.

மறுபடி சுட்டு, பொறுமையாக ஆறவிட்டாள். ஓடுகள் கன்னங்கரேலென்று வந்தன. செம்பை எடுத்துவிட்டு அவற்றைப் பாதை நெடுகப் பதித்தாள். மின்சாரத்திடம் துளியும் பிடிக்காமல் அவை வழிவிட்டன. அன்று அடிவாரமெங்கும் விளக்கு எரிந்தது. ஓநாய்கள் அண்டவில்லை.

ஆனால் மலைமேல் குளிர் ஏறியது. ஊர்த்தலைவன் கோடன் ஆட்களோடு வந்தான்.

“எங்கள் வீடெல்லாம் விறைக்கிறது, மருதி.”

“உங்களுக்கு ஒரு கம்பளி போதும், ஐயா. அங்கே பிள்ளைகள் சாகிறார்கள்.”

“அது அவர்கள் பாடு” என்றான் கோடன். கடப்பாரைகள் இறங்கின. ஓடுகள் சில்லுச் சில்லாகச் சிதறின. அன்று இருட்டியதும் ஓநாய்கள் திரும்பி வந்தன. இந்த முறை இலஞ்சியும் போய்விட்டாள்.

மருதி சில்லுகளை மடியில் அள்ளிக்கொண்டு கதறினாள். “மீண்டும் சுடுகிறேன். வழிவிடுவாயா?”

“சூடு தேடியவர்கள் என்னை உடைத்தார்கள். கதகதப்பு இருக்கும் இடத்தில் இனி வழிவிட மாட்டேன். யாருக்கும் வளைந்துகொடுக்கவும் மாட்டேன்” என்றது ஓடு.

“நான் என்ன பாவம் செய்தேன்?”

“நீ ஒன்றும் செய்யவில்லை. ஆனால் உன் கையும் சூடாகத்தானே இருக்கிறது.”

மருதி கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று தொடங்கியதுதான்: எத்தனை பக்குவமாகச் சுட்டு ஆறவைத்தாலும், திரவ நைட்ரஜனின் கொடுங்குளிரில் முக்கினால்தான் அந்தக் கறுப்பு ஓடு மின்சாரத்தைத் தடையில்லாமல் விடுகிறது, வளைக்கப் பார்த்தால் வளையாமல் உடைந்துபோகிறது.