விரிசல் இல்லாத தண்டு

ஹெலிகாப்டர் கம்பெனி முதலாளி எந்தச் சந்தேகத்துக்கும் மெக்கானிக் பூங்கோதையையே கூப்பிட்டார். தலைமை இன்ஜினீயர் சிங்காரவேலுவுக்கு வயிறு எரிந்தது. வால் விசிறியின் தண்டு இரண்டாயிரம் மணி நேரம் ஓடிவிட்டது, அதோடு அதன் ஆயுள் முடிந்தது, மாற்றியாக வேண்டும் என்றாள் அவள். மட்டம் தட்ட இதுதான் சமயமென்று சிங்காரவேலு முதலாளி முன்னாலேயே கேட்டார்.

“இதுல ஒரு விரிசல் காட்டு. இல்லேன்னா பறக்கலாம்னு கையெழுத்துப் போடு.”

தண்டு புதுசாட்டம் மின்னியது. பூங்கோதை அதைத் துடைத்து வைத்தாள்.

“உங்க சீட்ல முன்னாடி இருந்த தேவசகாயம் சார்கிட்ட என்ன விரிசல் சார் பாத்தீங்க? அறுபது முடிஞ்ச அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பணும், அதான் ரூல்னு சொன்னது நீங்கதானே.”



“தண்டை மாத்திடும்மா,” என்ற முதலாளி சிங்காரவேலு பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எப்போ அறுபது?”

“வெள்ளிக்கிழமை,” என்றார் சிங்காரவேலு.