வளைத்துத் தைத்த ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். பெயர் தெரிந்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அரண்மனைக் களஞ்சியத்து நெல்லை யாரும் சுருட்டாமலிருக்க ஒரு வழி வேண்டும் என்று ஒரு நாள் அடம்பிடித்தார். "ஒரே கதவுக்கு மூன்று பேரை அதிகாரியாக வையுங்கள், அரசே. அவர்கள் ஒத்துப்போவதற்குள் நெல்லே உளுத்துவிடும்" என்றான் விகடகவி சிற்றம்பலம், விளையாட்டாக. சபை சிரித்தது. ராஜா அவன் கையில் பொற்காப்புப் பூட்டினார். அதோடு விடாமல் அதையே சட்டமாக்கியும் விட்டார்.

நெல் எவ்வளவு வர வேண்டும் என்று சொல்ல வரிச்சபை. எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று சொல்லச் செலவுச்சபை. போனது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தணிக்கைச்சபை. மூன்று முத்திரையும் விழுந்த ஓலை இல்லாவிட்டால் ராஜாவே வந்து நின்றாலும் கதவு திறக்காது.

மறுவருட மழையில் ஏரிக்கரை உடைந்தது. கரை கட்டும் நானூறு பேருக்குக் கஞ்சி காய்ச்ச நெல் கேட்டு ஓலை போனது. அந்த ஊரில் ஓலையின் கடைசியில் விழும் முத்திரைக்குத்தான் மதிப்பு. அதனால் மூன்று சபைகளும், மற்றவர்கள் முதலில் வைக்கட்டும் என்று சொல்லிவிட்டன. மூன்று நாளாகக் கரையில் ஆட்கள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு மண் சுமந்தார்கள்.

சிற்றம்பலம் கூசிப்போனான். சிரிப்புக்காக வாயில் வந்ததைச் சொல்லி நானூறு பேரைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. காப்பை மேல்துண்டால் மறைத்துக்கொண்டுதான் சபைக்குள் நுழைந்தான்.

அவனைக் கண்டாலே ஆகாத பிரதானி பட்டாபிராயர் அன்று எழுந்தார்.

"அரசே, யோசனை சொன்னவரே கதவையும் திறக்கட்டும். மூன்று முத்திரையும் விழ வேண்டும். எதுவும் இன்னொன்றுக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போனது. ஆகட்டும் என்றார்.

சிற்றம்பலம் ஊசிநூல் வாங்கி, ஓலையின் இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தான். அந்த வளையத்தைச் சுற்றி மூன்று சபைத் தலைவர்களையும் நிறுத்தினான்.

"பெரியோர்களே, இதில் முதல் எது, கடைசி எது என்று நீங்களே காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால், நான் கைதட்டியதும் மூவரும் சேர்ந்து வையுங்கள்."

வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அவன் கைதட்டினான். மூன்று முத்திரையும் ஒன்றாக விழுந்தன. பட்டாபிராயர் முகம் தொங்கிப்போனது. ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சிற்றம்பலம் பழைய காப்பைக் கழற்றி அவர் காலடியில் வைத்தான்.

"இது நான் வாங்கியிருக்கக் கூடாதது, அரசே" என்றான். அதற்கும் ராஜா சிரித்தார்.

நெல்வண்டியோடு அவனும் கரைக்குப் போனான். கஞ்சி கொதித்ததும் அகப்பையைத் தானே வாங்கி ஊற்றினான். கலயத்தை நீட்டிய ஒருத்தி அவனை உற்றுப் பார்த்தாள்.

"மூணு அதிகாரி கதை சொன்னது நீங்கதானே சாமி? போன வருஷம் அதைக் கேட்டுட்டு நாங்கெல்லாம் வயிறு வலிக்கச் சிரிச்சோம்."

அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள். சிற்றம்பலம் அவள் கலயத்தில் இன்னொரு அகப்பை ஊற்றினான். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.